பரணில் கிடக்கும் பேய்கள்: வாங்கிப் போட்ட திகில் கேம்களுக்கு விமர்சனம் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

போன வருடம் பொங்கல் விடுமுறையில், இணையத்தில் கேம் விற்கும் கடையான ஸ்டீமில் என் கணக்கைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். திகில் வகையில் மட்டும் 43 கேம்கள். முடித்தவை 6. மிச்சமெல்லாம் தள்ளுபடி நாட்களில் 'இந்த விலைக்கு அப்புறம் கிடைக்காது' என்று வாங்கிப் போட்டவை. எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளை அண்டாக்களின் கதைதான்: வாங்கிய அன்று பெருமை, மறுநாளிலிருந்து தூசி.

சரி, இனிப் புதிதாக எதுவும் வாங்காமல், இருப்பதையே விளையாடி ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் நான்கு மாதம் முழுக்க வீண். மூன்று விமர்சனத்தை எழுதி நானே அழித்தேன், ஒரு வீடியோ முடங்கியது. பின்னால் ஒரு தபாலும் தொலைந்தது. நான் இருப்பது காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், இரண்டு கட்டு உள்ள ஒரு பழைய வீட்டில். இதே பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் கரண்ட், எதிரொலி, தபால் விஷயங்கள் அப்படியே பொருந்தும். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் பேரேடு

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரிலேயே குறித்துக்கொள்ளக் கூடாதா என்றால், கூடாது. விளையாட்டின் நடுவே வேறு சன்னலுக்குப் போய்த் திரும்பினால் சில பழைய கேம்கள் அப்படியே உறைந்துவிடும். எங்கள் ஐயா தேவகோட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று எழுதுவார். நானும் அதே மாதிரி, இடப்பக்கம் கேமின் பெயர், வாங்கிய தேதி, கொடுத்த பணம். வலப்பக்கம் ஓடிய மணி நேரம், நிறுத்திய இடம், நிறுத்திய காரணம்.

தேதியும் விலையும் உங்களுக்கு நினைவிருக்காது. ஸ்டீமில் கணக்கு விவரங்களுக்குள் வாங்கிய வரலாறு முழுதும் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுங்கள். எபிக் என்ற இன்னொரு கேம் கடையில் வாரந்தோறும் இலவசமாகக் கொடுத்ததை எல்லாம் 'கிளெய்ம்' செய்து வைத்திருப்பீர்கள். அதையும் பூஜ்யம் ரூபாய் என்று போட்டு எழுதுங்கள். என் கூட்டுத்தொகை 14,600 ரூபாய் வந்தது. எழுதி முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

'நிறுத்திய காரணம்' என்ற கட்டத்தில் பொய் எழுதாதீர்கள். நான் முதலில் 12 கேம்களுக்கு நேரே 'பயம்' என்று எழுதினேன். பயம் என்று எழுதினால் ஒரு கெத்து. உட்கார்ந்து யோசித்தால் நான்கில்தான் பயம். மற்றதில் சாவி எங்கே என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிச் சலித்தது, கரண்ட் போய் ஒரு மணி நேர ஆட்டம் போனது, ஒன்றில் கதாநாயகன் நடக்கும்போது திரை ஆடி எனக்குத் தலைசுற்றியது. இந்தக் கட்டம்தான் பின்னால் உங்கள் விமர்சனத்தின் பாதி.

இங்கே ஒரு கண்ணி: பட்டியல் போடும்போது சமீபத்தில் வாங்கியது ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 'மெனுவில்தானே நின்றது' என்ற சமாதானம் எடுபடாது. கேம் திறந்திருக்கும் நேரம் எல்லாம் கணக்கில் ஏறும். சாப்பிடப் போனபோது திறந்தே வைத்துவிட்டுப் போய், ஆடியது 40 நிமிடம், கணக்கில் 2 மணி 25 நிமிடம் என்று நான் ஒரு கேமில் மாட்டினேன். இட்லிக்கு அன்று நல்ல விலை.

2. எதிலிருந்து தொடங்குவது

பேர் பெற்றதிலிருந்து தொடங்காதீர்கள். நீளம் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். நான் ஏலியன்: ஐசொலேஷனில் தொடங்கி மாட்டிக்கொண்டேன். 2014இல் வந்தது, அருமையான கேம், ஆனால் முடிக்க 18 மணி நேரம் பக்கம் ஆகும். வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்கு அது மூன்று வாரம். மூன்று வாரத்தில் ஒரு விமர்சனம்கூட இல்லை என்றால் ஆசை வற்றிவிடும்.

அயர்ன் லங் சுமார் ஒரு மணி நேரம். ஒரு சின்ன நீர்மூழ்கிக்குள் உங்களை அடைத்துவிடுவார்கள், வெளியே பார்க்கச் சன்னல் கிடையாது, வரைபடமும் புகைப்படம் எடுக்கும் கருவியும்தான். மவுத்வாஷிங் இரண்டு, மூன்று மணி நேரம். லிட்டில் நைட்மேர்ஸ், இன்சைட் இரண்டும் மூன்று நான்கு மணி நேரம், அதிலும் பேச்சே இல்லாததால் ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்களுக்கும் சிக்கல் இல்லை. இவற்றில் மூன்றை முதல் மாதத்தில் முடித்துவிடலாம். அப்புறம் அவுட்லாஸ்ட் மாதிரி ஐந்தாறு மணி நேரக்காரர்கள். சோமா, சிக்னாலிஸ், 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 போன்ற எட்டு பத்து மணி நேரக்காரர்களுக்கு மூன்றாம் மாதம் போங்கள். ஏலியன் கடைசி.

நான் சொல்லும் நேரம் எல்லாம் தோராயம். பயந்தவர்கள் மெதுவாக நடப்பார்கள், அலமாரிக்குள் ஒளிந்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்த ஜாதி. எனக்கு எப்போதும் ஒன்றரை மடங்கு ஆகும்.

3. வீடு, விளக்கு, கரண்ட்

இதற்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் மெனக்கெட வேண்டும். காதல் படத்தைப் பேருந்தில் பார்த்தாலும் காதல் படம்தான். திகில் கேமைப் பட்டப்பகலில், டியூப்லைட்டுக்குக் கீழே, பக்கத்து அறையில் சீரியல் ஓட ஆடிவிட்டு 'பயமே இல்லை' என்று எழுதினால் அது அந்த கேமின் விமர்சனம் ஆகாது. உங்கள் டியூப்லைட்டின் விமர்சனம்.

முதலில் திரை வெளிச்சம். பெரும்பாலான திகில் கேம்கள் தொடக்கத்தில் ஒரு படத்தைக் காட்டி, அது மங்கலாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூட்டி வைப்பவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் அம்னீஷியா: தி டார்க் டிசென்டில் அப்படிச் செய்தேன். அந்த கேமின் அடிப்படையே இருட்டில் நின்றால் ஆளுக்குப் புத்தி கலங்கும், விளக்குக்கு எண்ணெயும் தீப்பெட்டியும் அளவாகத்தான் கிடைக்கும் என்பது. வெளிச்சத்தைக் கூட்டியதும் எனக்கு எண்ணெய் தேவையே படவில்லை. 'எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது, சுலபமான கேம்' என்று எழுதி வைத்தேன். நான் அழித்த முதல் விமர்சனம் அதுதான்.

அடுத்து ஹெட்போன். 1,500 ரூபாய்க்குக் காதை முழுதும் மூடுகிற மாதிரி ஒன்று போதும். ஆனால் அதைப் போட்டுவிட்டால் வீடு கேட்காது என்று நினைக்காதீர்கள்.

ஒரு நாள் இரவு பத்தரை மணி. ரெசிடென்ட் ஈவில் 2. காவல் நிலையத்துக்குள் தொப்பி போட்ட ஒரு ராட்சத ஆள் துரத்த ஆரம்பித்திருந்தார். அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் நூலகத்தில் நிற்கிறேன். இடப்பக்கம் பின்னாலிருந்து டொக், டொக், டொக். நின்றேன், நகர்ந்தேன், திரும்பினேன். சத்தம் மட்டும் அதே இடத்தில், அதே வேகத்தில். முதுகு நனைந்துவிட்டது. நோட்டில் '10.34, ஒலி அமைப்பு அபாரம், திசை துல்லியம்' என்று எழுதிவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். டொக் நிற்கவில்லை. வளவில், அதாவது நடு முற்றத்தில், அப்பத்தா சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இப்படி வேர்த்திருக்கு? மாத்திரை போட்டியா இல்லையா?" என்றார்.

கேமின் ஒலி நிஜமாகவே நன்றாக இருக்கும், அது வேறு. ஆனால் அந்தப் பத்து நிமிடப் பெருமை அப்பத்தாவைச் சேர்ந்தது. ஆகவே ஆடுவதற்கு முன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதையும் ஓட விடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். என்னென்ன உள்ளே வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுக் கதவின் கீல், மயில், தெருமுனை நாய்கள், அப்பத்தாவின் உரல். இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஃபாஸ்மோஃபோபியா மாதிரி உங்கள் மைக்கைக் கேட்டுப் பேய் பதில் சொல்லும் கேம்களில் இது இன்னும் முக்கியம்.

சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு 'இங்கே உட்கார்ந்து திகில் கேமா, செத்தோம்' என்பார்கள். அப்படி எல்லாம் இல்லை. பிறந்ததிலிருந்து இருட்டு வளவைத் தாண்டிக் கொல்லைக்குப் போய் வந்தவனுக்கு மாளிகை கேம்கள் அவ்வளவாக உறைக்காது. என்னைப் பயமுறுத்தியது நீர்மூழ்கியும் விண்கலமும்தான், மூச்சு முட்டும் இடங்கள். இதையும் விமர்சனத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். அடுக்குமாடியில் வளர்ந்தவருக்கு நேர்மாறாக இருக்கலாம்.

இனி கரண்ட். 2,800 ரூபாய்க்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். ஐந்து நிமிடம் தாங்கும், சேவ் செய்துவிட்டு அணைத்துவிடலாம் என்று கணக்கு. கணக்கு தப்பு. ஏலியனில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, சுவரில் இருக்கும் கருவியைத் தேடிப் போய் அட்டையைச் செருக வேண்டும். அட்டையைச் செருகியதும் உடனே சேவ் ஆகாது, அந்தச் சில வினாடிக்குள்ளும் துரத்தி வரும் வேற்றுக்கிரக மிருகம் உங்களைக் கொல்லலாம். ரெசிடென்ட் ஈவில் 2இல் தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். 'ஹார்ட்கோர்' என்ற கடின நிலையில் ஆடினால் அதற்கு மை ரிப்பனும் வேண்டும். யுபிஎஸ் கத்தும் ஐந்து நிமிடத்தில் அதெல்லாம் நடக்காது. ஆகவே யுபிஎஸ் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றுவதற்கு, ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்கு அல்ல. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு முந்தைய நாளே பேப்பரில் வந்துவிடும். அந்த நாளை நோட்டில் குறித்து, அன்று எழுத்து வேலைக்கு ஒதுக்குங்கள். மழைக்கால இரவு என்றால் நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடும் கேமை மட்டும் தொடுங்கள்.

4. ஆடும்போது என்ன குறிப்பது

கைக்கடிகாரத்தைக் கழற்றி நோட்டுக்கு மேலே வையுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் மணி போடுங்கள். நான்கைந்து சொல் போதும்.

'பயம்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டால் பிறகு எழுத உட்காரும்போது ஒன்றும் இருக்காது. நமக்கு இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. கதவைத் திறந்ததும் முகத்துக்கு நேரே ஒன்று பாய்ந்தால் அது திடுக். அரை நொடி. பட்டாசு வெடித்தாலும் அதுதான். ஒன்று துரத்தி வருகிறது, கை நடுங்கித் தப்புத்தப்பாகப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்றால் உதறல். ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் அந்தப் படியில் இறங்க மனம் வரவில்லை என்றால் கிலி. சதை, ரத்தம், புழு எல்லாம் அருவருப்பு, அதைப் பயத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள். ஆட்டத்தை அணைத்துப் படுத்த பிறகு, இரண்டு மணிக்கு விழிப்பு வந்து யோசிக்க வைக்கிறதே, அதற்கு எனக்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. நோட்டில் 'ரா' என்று மட்டும் போடுகிறேன்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் முதல் எழுத்தைப் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தால் கேமின் ஜாதகம் தானாக வந்துவிடும். அவுட்லாஸ்டின் முதல் மணி நேரத்தில் என் நோட்டில் 9 'தி', 4 'உ'. கையில் இருக்கும் கேமராவின் இரவுப் பார்வைக்கு பேட்டரி தீர்ந்துகொண்டே வருவதால் வந்த 'கி' இரண்டு. கடைசி மணி நேரத்தில் 'தி' ஆறு இருந்தும் பக்கத்தில் 'ப்ச்' என்று எழுதியிருக்கிறேன். அதாவது பழகிவிட்டது. சோமாவுக்கு நேர்மாறு. 'தி' மொத்தமே மூன்று. ஆனால் முடித்த வாரம் முழுக்க 'ரா'. கடலடியில் நடக்கும் அந்தக் கதையில், நான் என்பது யார் என்று ஒரு கேள்வி வரும். அதற்கு மேல் சொன்னால் கெடுத்ததாகிவிடும். மதிப்பெண் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் 8 என்றுதான் கொடுத்திருப்பேன், யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. அதனால் நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. நீங்கள் கொடுத்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

குறிக்க மறக்கக் கூடாதவை: எந்தக் கடின நிலையில் ஆடினீர்கள், எத்தனை முறை செத்தீர்கள், எந்த இடத்தில் யூடியூபைப் பார்த்து வழி கண்டுபிடித்தீர்கள். சோமாவில் 2017 டிசம்பரில் சேர்த்த 'சேஃப் மோட்' இருக்கிறது, அதில் அரக்கர்கள் உங்களைக் கொல்ல மாட்டார்கள். அதில் ஆடுவது கேவலமே இல்லை, இரண்டாம் முறை நானும் அதில்தான் ஆடினேன். ஆனால் அதில் ஆடிவிட்டு 'துரத்தல் காட்சிகளில் விறுவிறுப்பு இல்லை' என்று எழுதக் கூடாது.

படம் வேண்டுமென்றால் ஸ்டீமில் எஃப்12 அழுத்தினால் போதும். ஒரு இரவுக்கு பத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நான் 340 எடுத்துவிட்டு, பிறகு எதைப் போடுவது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

5. எழுதுவது

முடித்த அன்றே, அதிகம் போனால் மறுநாள் காலை. மூன்று நாள் ஆனால் உங்கள் பயம் போய், மற்றவர்கள் சொன்ன பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கேமை நான்கு வருடத்துக்கு முன்னால் முடித்த நினைவில் எழுதி, அந்தக் காட்சி அதே வரிசையின் வேறு பாகத்தில் வருவது என்று ஒரு தம்பி திருத்தினார். இரண்டாவதாக அழித்தது அது. பழையதை முடித்திருந்தாலும் குறைந்தது முதல் ஒரு மணி நேரமாவது மறுபடி ஆடிவிட்டு எழுதுங்கள்.

முதல் நான்கு வரியில் இவற்றைச் சொல்லிவிடுங்கள்: எந்தக் கருவியில் ஆடினேன், எந்தக் கடின நிலை, எத்தனை மணி நேரம், என்ன விலைக்கு வாங்கினேன், முடித்தேனா. தள்ளுபடியில் கால் விலைக்கு வாங்கியவரின் திருப்தி வேறு, முழு விலை கொடுத்தவரின் திருப்தி வேறு. வாசிப்பவர் தன் பணத்தை வைத்து முடிவெடுக்கப் போகிறார்.

முடிக்காத கேமுக்கு எழுதலாமா? எழுதலாம், எங்கே நிறுத்தினேன் என்று சொன்னால். மறைத்தால்தான் தப்பு. ஆனால் திகில் கேம்களில் ஒரு சிக்கல்: பல கேம்கள் தங்கள் முக்கியமான பேயைத் தாமதமாகத்தான் அவிழ்த்து விடும். ஏலியனில் அது உங்களைத் தேடித் துரத்தும் பகுதிக்கு வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு 'நடந்துகொண்டே இருக்கிறோம்' என்று எழுதினேன். மூன்றாவதாக அழித்தது. பணம் திருப்பிக் கேட்கும் 2 மணி நேரத்துக்குள் இந்த மாதிரி கேமைத் தீர்மானிக்கவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

குறை சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். 'பொருள் வைக்க இடம் பத்தவில்லை' என்றால் யாருக்கும் புரியாது. 'சிக்னாலிஸில் ஆறே ஆறு பொருள்தான் கையில் வைக்கலாம், அதில் துப்பாக்கியும் டார்ச்சும் போனால் மிச்சம் நான்கு, அதனால் சாவிகளைப் பெட்டிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதிலேயே காலம் போகிறது' என்றால் சிலருக்கு எரிச்சல், சிலர் அதற்காகவே வாங்குவார்கள்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு என் கணக்கு: கடைப் பக்கத்தில் அவர்களே போட்டிருக்கும் படங்களும் முன்னோட்டமும் காட்டியதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே. உடல் வதை, தற்கொலை, குழந்தைகளுக்கு நடப்பது போன்றவை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். என் அக்கா மகன் ஒருமுறை தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு இரண்டு வாரம் தனியாகக் கொல்லைக்குப் போகவில்லை. அக்கா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நண்பர் யாராவது கேமைப் பரிசாகக் கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். ஸ்டீமில் கேம் இலவசமாகக் கிடைத்ததா என்று குறிக்கவே ஒரு கட்டம் இருக்கிறது.

6. குரலும் வீடியோவும்

எழுத்து மட்டும் போதும் என்பவர்கள் இதையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம்.

திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் என்ற மென்பொருள் இலவசம். 1080பி தரத்தில் நொடிக்கு 12 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 5.4 ஜிபி. பத்து மணி நேர கேம் 54 ஜிபி. என் டிஸ்க் நிரம்பிப் பதிவு பாதியில் நின்றது தெரியாமல் கடைசிக் காட்சி முழுதும் ஆடி முடித்தேன். பதிவைத் தொடங்குவதற்கு முன் மிச்ச இடத்தைப் பாருங்கள்.

குரல் பதிவுக்கு 700 ரூபாய்ச் சட்டை மைக் போதும், இடம்தான் பிரச்சினை. ஆத்தங்குடிக் கல் தரை, காரைச் சுவர், தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் கூரை. வளவில் உட்கார்ந்து பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். திகில் விமர்சனத்துக்குப் பொருத்தம்தானே என்று முதலில் நினைத்தேன், இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாது. கடைசியில் இடம் கிடைத்தது மெத்தை, ஜமுக்காளம் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறையில். விசிறி போட முடியாது, வேர்க்கும், ஆனால் குரல் சுத்தம். மார்கழியில் விடியற்காலைப் பதிவு வேண்டாம், கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும். முகூர்த்த நாட்களிலும் வேண்டாம். இரவு 11க்கு மேல்தான் எனக்கு வாய்த்தது.

வீடியோ முடங்கியதைச் சொன்னேன் அல்லவா? கேமில் ஒரு வானொலியில் ஓடிய பாட்டுக்கு உரிமை கோரினார்கள். கேமை நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்ற வாதம் செல்லாது. கேமுக்குள் இருக்கும் பாட்டின் உரிமை வேறு ஒருவரிடம் இருக்கலாம். சில கேம்களில் அந்த மாதிரிப் பாட்டை நிறுத்திவைக்கும் 'ஸ்ட்ரீமர் மோட்' இருக்கும், பதிவுக்கு முன் அமைப்புகளில் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒலியை வெட்டிவிடுங்கள்.

7. காசு வரப்போகிறது என்றால் காகிதங்கள்

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். ஷார்ட்ஸ் வழி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. நமக்கு முதல் வழிதான்.

அதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை: பான் அட்டை, அதில் உள்ளபடியே பெயர் இருக்கும் வங்கிக் கணக்கு, தபால் வந்து சேரும் முகவரி. பெயர் விஷயத்தில் நம் பக்கம் கவனம் தேவை. இங்கே முன்னெழுத்தே இரண்டு மூன்று இருக்கும். பான் அட்டையில் விரித்து, வங்கியில் சுருக்கி, ஆதாரில் ஒன்றை விட்டுவிட்டு எழுதியிருப்பார்கள். ஒரே மாதிரி மாற்ற எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இங்கேதான் எனக்கு விழுந்தது. எங்கள் வீடு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் மாதிரி ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெரு, கொல்லைக் கதவு இன்னொரு தெரு, இரண்டுக்கும் தனித்தனிக் கதவிலக்கம். நான் கொடுத்தது முகப்பு முகவரி. அது பங்காளிகள் வரும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் கதவு. தபால் கதவிடுக்கில் விழுந்து, மாட்டுப் பொங்கலன்று பெரியப்பா கதவைத் திறந்தபோதுதான் கிடைத்தது. அதற்குள் வேறு பின் கேட்டு வாங்கியாகிவிட்டது. பெரும்பாலும் புழங்குகிற கதவின் முகவரியைக் கொடுங்கள், பக்கத்தில் கைபேசி எண் சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம், கட்டணம் இல்லை. நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலிருந்து 24 சதவீதம்வரை பிடித்தம் ஆகலாம். பான் எண்ணைக் கொடுத்து, இந்திய ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்குக்கு மட்டும் 15 சதவீதம். வங்கி விவரத்தில், வெளிநாட்டுப் பணம் வருவதற்கான அடையாளக் குறியான ஸ்விஃப்ட் கோடு கேட்பார்கள். நம் ஊர்க் கிளைக்கு அது பெரும்பாலும் இருக்காது. அதே வங்கியில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் கோடை உங்கள் மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள், மாதத்தின் 21 முதல் 26 தேதிக்குள். எனக்கு இதுவரை ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

8. செலவும் நாளும்

ஹெட்போன் 1,500, யுபிஎஸ் 2,800, மைக் 700, நோட்டு 45. ஐந்தாயிரத்துச் சில்லறை. கேம்களுக்குப் புதிதாக ஒரு ரூபாயும் இல்லை. இணையத்துக்கு மாதம் 600 எப்படியும் கட்டிக்கொண்டிருந்ததுதான். எழுத்து மட்டும் என்றால் ஹெட்போனும் நோட்டும் போதும்.

எனக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும் கேம் ஒன்றுக்கு ஆகும் நாள்: ஆட 9 இரவு, எழுத 1 நாள், வீடியோ என்றால் இன்னும் 3. இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் முயன்றால் எல்லா கேமும் ஒரே இருட்டு, ஒரே கதவு என்று ஆகிவிடும்.

அக்டோபர் கடைசியில் ஸ்டீமில் திகில் கேம்களுக்கென்றே தள்ளுபடி போடுவார்கள். நமக்குத் தீபாவளிப் போனஸ் கையில் இருக்கும் நேரம். போன முறை நான் நோட்டில் 'இரண்டு முடித்தால் ஒன்று வாங்கலாம்' என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு மூன்று வாங்கினேன். பட்டியலில் இப்போது 31 பாக்கி. இன்று இரவு டெட் ஸ்பேஸ் தொடங்க வேண்டும். நாளை ஒன்பது மணியிலிருந்து எங்கள் பக்கம் பராமரிப்புக்குக் கரண்ட் கிடையாது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். அப்பத்தாவிடம் வெற்றிலையைப் பத்து மணிக்குள் இடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.